சிசிலித் தீவும் அதன் மொழியும்

இத்தாலி நாட்டின் படத்தைக் கண்டவர்கள் அதனை முழங்கால் வரை உயர்ந்த காலணி ஒன்றிற்கு ஒப்பிடுவது வழக்கம். அக்காலணியின் நுனியால் உதைபட்டு உருண்டது போலக் கடலில் கிடக்கும் முக்கோணத் தீவே சிசிலி. மத்தியதரைக் கடலில் உள்ள தீவுகளுள் அதுவே பெரியது. பரப்பு ஏறக்குறைய 25,700 சதுர கிலோமீட்டர். பெருநிலத்திற்கும் தீவிற்கும் இடையே உள்ள மெசினா நீரிணை, மிகக் குறுகிய இடத்தில் மூன்று கிலோமீட்டர் அகலமே உடையது. ஆயினும் அதன்மேல் பாலம் இல்லை. ரோமாபுரியிலிருந்து வரும் இரயில் கடற்கரையில் வந்து நிற்கும். பெட்டிகளைத் தொகுதி தொகுதியாகப் பிரித்துக் கப்பலின் வயிற்றுக்குள் தள்ளுவார்கள். பயணி தம் இருக்கையை விட்டு எழாமலே கடலைக் கடந்துவிடலாம். மறுகரையில் பெட்டிகளை மீண்டும் கோத்து, மேற்கே பலெர்மோவிற்கும் தெற்கே சிரக்கூசாவிற்கும் அனுப்புவார்கள்.

சிசிலிக்குச் செல்வோர் பெரும்பாலும் எட்னா எரிமலையையும், கிரேக்கர் கட்டிய கோயில்களையும் காணவே செல்கின்றனர். அவற்றைப் பற்றி எழுதியவர் பலர். நான் இங்கு எழுதப் புகுவது காதால் அறிய வேண்டிய ஒன்றைப் பற்றி. அத்தீவின் மக்கள் வீட்டிலும் சந்தையிலும் பேசும் மொழியே அது. "அங்கே இத்தாலிய மொழிதானே பேசுகிறார்கள்?" என்று கேட்பீர்கள். பள்ளியிலும் அலுவலகத்திலும் வானொலியிலும் இத்தாலியமே. ஆனால் பலெர்மோ நகரில் ஒரு கடைக்காரரிடம் நான் அரைகுறை இத்தாலியத்தில் விலை கேட்டபோது, அவர் எனக்கு இத்தாலியத்தில் விடை கூறிவிட்டு, உள்ளே இருந்த தம் மனைவியின் பக்கம் திரும்பி வேறொரு மொழியில் ஏதோ கூறினார். அதில் ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. கற்றறிந்த இத்தாலியர் சிலரே அதனை "இத்தாலியத்தின் கொச்சை" என்று கூறிவிடுகின்றனர். இக்கூற்று உண்மைக்குப் பொருந்தாது என்பதே என் கருத்து.

லத்தீன் மொழி ரோமானியப் பேரரசோடு பரவி, ஊருக்கு ஊர் திரிந்து பல மொழிகளாயிற்று. பிரெஞ்சு, ஸ்பானிஷ், போர்த்துக்கீசியம், கத்தலான், ருமேனியம் ஆகியவை அப்படிப் பிறந்த மகள்கள். இன்று நாம் இத்தாலியம் என்று கூறுவது, இத்தாலியின் நடுப்பகுதியாகிய டஸ்கனியில், பிளாரென்ஸ் நகரத்தில் 14ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட மொழியை அடிப்படையாகக் கொண்டது. தாந்தே, பெத்ரார்க்கா, பொக்காச்சோ என்னும் மூவரின் புகழால் அது ஏற்றம் பெற்றது. அது சிசிலிக்கு வந்து சிதைந்து சிசிலிய மொழி ஆகவில்லை. பிளாரென்ஸில் லத்தீன் ஒருவாறு மாறியது. சிசிலியில் வேறொருவாறு மாறியது. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். மொழி நூலார் சிசிலியத்தை, காலணியின் நுனியாகிய தென் கலாபிரியாவின் பேச்சோடும், குதிகாலாகிய சலெந்தோவின் பேச்சோடும் சேர்த்து, "கடைத்தெற்குப் பிரிவு" என்று வகுக்கின்றனர். பம்பாயிலும் மங்களூரிலும் வாழும் அன்பர்கள், துளுவைக் கன்னடத்தின் கொச்சை என்று கூறுவோரைச் சந்தித்திருக்கக்கூடும். அரசாங்க முத்திரை இல்லாத மொழிக்கு எங்கும் அதே பெயர்தான்.

இந்த வேறுபாடு வெறும் பெருமைப் பேச்சன்று. நம்மைப் போல் குறில், நெடில் அறிந்தவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. லத்தீனிலும் உயிர்கள் குறிலும் நெடிலுமாக இருந்தன. காலப்போக்கில் அந்த அளவு வேறுபாடு மறைந்தபோது, டஸ்கனியில் இகரக் குறிலும் ஏகாரமும் ஒன்றுசேர்ந்து எகரமாயின. ஈகாரம் மட்டும் இகரமாக நின்றது. சிசிலியிலோ இகரம், ஈகாரம், ஏகாரம் மூன்றும் ஒன்றாகி இகரமே ஆயின. அவ்வாறே உகரம், ஊகாரம், ஓகாரம் மூன்றும் உகரமாயின. எனவே கதிரவன் இத்தாலியத்தில் "சோலே", சிசிலியத்தில் "சூலி". சிலுவை அங்கே "குரோச்சே", இங்கே "குருச்சி". டஸ்கனியில் அழுத்தம் பெறும் உயிர்கள் ஏழு, சிசிலியில் ஐந்தே. இந்தச் சிறு இலக்கணச் செய்தியினால் ஒரு பேரிலக்கியமே உருமாறிப்போன கதையைப் பின்னர்க் கூறுகிறேன்.

மற்றொன்று நமக்கு வியப்பளிப்பது. லத்தீனில் இரட்டித்து வந்த லகரம், சிசிலியத்தில் நாவை மடித்துக் கூறும் டகரமாக மாறிவிட்டது. குதிரை இத்தாலியத்தில் "கவல்லோ", சிசிலியத்தில் "கவட்டு". விண்மீன் "ஸ்தெல்லா", சிசிலியத்தில் "ஸ்திட்டா". அழகு "பெல்லோ", சிசிலியத்தில் "பெட்டு". இச்சொற்களில் வரும் டகரத்தை வல்லோசையாகக் கூறலாகாது. "வண்டு" என்பதில் வருவது போல் மென்மையாக, ஆனால் இரட்டித்துக் கூற வேண்டும். நாவை மடித்து மேலண்ணத்தைத் தொடும் இவ்வொலி ஐரோப்பிய மொழிகளில் அரிது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பல நாள் முயன்றும் பெறாத அந்த ஒலியை, தமிழர் ஒருவர் முதல் நாளிலேயே ஒலித்துவிடலாம். இதனைக் கொண்டு சிசிலியருக்கும் நமக்கும் உறவு கற்பிக்க எவரும் புறப்பட வேண்டா! நாக்கு எங்கும் ஒன்றே. அது மடிவதற்கு யாரிடமும் அனுமதி பெற வேண்டுவதில்லை.

பலெர்மோவின் பழைய சந்தைகளுள் பல்லரோ என்பது புகழ்பெற்றது. குறுகிய தெரு, தலைக்குமேல் துணிப் பந்தல், வியாபாரிகள் இசை போல் இழுத்துக் கூவும் குரல். ஒரு மூலையில் கடலை மாவைக் கூழாகக் கிண்டி, ஆறவைத்து, மெல்லிய வில்லைகளாக வெட்டி, எண்ணெயில் பொரித்தெடுக்கிறார்கள். அதற்குப் "பனெல்லே" என்று பெயர். ரொட்டிக்கு நடுவே வைத்துத் தருகிறார்கள். அயல்நாட்டில் பல நாள் சுற்றிய நாவிற்கு அந்தக் கடலை மாவின் மணம் எப்படி இருந்திருக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. அடுத்த கடையில் எள்ளைப் பாகிலிட்டுக் கட்டியாக்கிய இனிப்பு. நம் எள்ளு மிட்டாயேதான். எள்ளுக்கு அவர்கள் கூறும் சொல் "ஜுஜ்ஜுலேனா". இது லத்தீன் அன்று; அரபு.

அரபு எப்படி வந்தது? இங்கே சிறிது வரலாறு கூற வேண்டும். கி.மு. எட்டாம் நூற்றாண்டில் கிரேக்கர் கீழ்க்கரையில் குடியேறினர். மேற்கில் கார்த்தேஜ் நாட்டார் ஆண்டனர். கி.மு. 241இல் தீவின் பெரும்பகுதி ரோமானியர் கைக்கு வந்தது. அதன்பின்னும் கிரேக்க மொழி பல நூற்றாண்டுகள் அழியவில்லை. கி.பி. 827இல் அரபியர் வந்திறங்கினர். 831இல் பலெர்மோ அவர்கள் வசமாயிற்று. அவர்களே எலுமிச்சையையும் நாரத்தை இனங்களையும் அவற்றிற்கான நீர்ப்பாசன முறையையும் கொணர்ந்தவர்கள். 1061இல் வடக்கேயிருந்து நார்மானியர் வந்தனர். 1091க்குள் தீவு முழுவதையும் வென்றனர். பின்னர் ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர், அரகோன் நாட்டார், ஸ்பானியர் என ஆண்டவர் பட்டியல் நீளும். வந்தவர் ஒவ்வொருவரும் சில சொற்களை விட்டுச் சென்றனர்.

நீர்த்தொட்டி "ஜெப்பியா", வாய்க்கால் "சையா", ஆரஞ்சுப் பூ "சாகரா", உலர்ந்த திராட்சை "சிபிப்பு". இவை யாவும் அரபுச் சொற்களே. தோட்டமும் நீரும் பற்றிய சொற்கள் பெரிதும் அரபாக இருப்பதிலிருந்து, அந்தத் தோட்டங்களை வைத்தவர் யாவர் என்பது தெளிவு. ஏழையைக் கண்டு இரங்கும்போது "மிஸ்கீனு" என்பர். சவப்பெட்டி "தப்பூத்து". வட இந்தியாவில் வாழும் நம் வாசகர்கள் இவ்விரண்டையும் கண்டு புன்னகை செய்வர். உருது பேசும் அண்டை வீட்டாரிடம் "மிஸ்கீன்" என்றும் "தாபூத்" என்றும் நாம் கேட்பவை அவையே. ஓர் அரபுச் சொல் கிழக்கே தில்லி வரையும் மேற்கே பலெர்மோ வரையும் நடந்திருக்கிறது. எட்னா மலைக்குச் சிசிலியர் இட்ட பெயர் "முங்கிபெட்டு". மலை என்னும் லத்தீன் சொல்லும், மலை என்னும் அரபுச் சொல்லும் ஒட்டிப் பிறந்தது அது. "மலைமலை" என்பதே பொருள். நம்மவர் "கேட்டு வாசல்" என்பதில்லையா, அது போல.

கொடிமுந்திரிக்கு இத்தாலியத்தில் "ஊவா", சிசிலியத்தில் "ரச்சீனா". இது பிரெஞ்சின் உறவு. தையற்காரரைக் குறிக்கும் "குஸ்துரேரி" என்பதும் அவ்வாறே. பணிப்பெண் "கிரியாத்தா", இரக்கத்திற்குரிய நிலை "லாஸ்திமா" ஆகியவை ஸ்பானியர் தந்தவை. கடன் வாங்கிய சொற்கள் இத்தனை இருந்தும் மொழியின் எலும்பும் நரம்பும் லத்தீனே. வினைத்திரிபு, பால் பாகுபாடு, எண்ணுப் பெயர்கள், அன்றாடச் சொற்களின் பெரும்பகுதி ஆகிய அனைத்தும் லத்தீனிலிருந்து வந்தவை. அந்த லத்தீன் ரோமானியர் காலம் தொட்டுத் தொடர்ந்து பேசப்பட்டதா, அரபியர் காலத்தில் நலிந்து நார்மானியர் காலத்தில் பெருநிலத்துக் குடியேறிகளால் புத்துயிர் பெற்றதா என்பது அறிஞரிடையே நெடுநாளைய வழக்கு. ஜெர்மானிய அறிஞர் கெர்ஹார்ட் ரோல்ஸ் பின்னைய கருத்தை வலியுறுத்தினார், மறுத்தவரும் பலர்.

பலெர்மோவில் "சீசா" என்னும் பழைய அரண்மனை ஒன்று உள்ளது; இப்போது காட்சிச்சாலையாக விளங்குகிறது. அங்கே ஒரு சிறு கல்லறைக் கல்லைக் கண்டேன். 1149ஆம் ஆண்டில், கிரிசாந்தோ என்னும் பாதிரியார் தம் தாய் அன்னாவின் நினைவாக வைத்தது. நடுவில் சிலுவை, அதனைச் சுற்றி நான்கு புறமும் எழுத்துக்கள். லத்தீன் ஒன்று, கிரேக்கம் ஒன்று, அரபு எழுத்தில் அரபு ஒன்று, எபிரேய எழுத்தில் அரபு ஒன்று. நாளையும் நான்கு சமயத்தாரின் நான்கு கணக்கில் குறித்திருக்கிறார்கள். ஒரு தாயின் மறைவை ஊரார் எல்லோரும் படித்தறிய வேண்டும் என்னும் ஆவல் அக்கல்லில் தெரிகிறது. அதன்முன் வெகுநேரம் நின்றேன். பிறகுதான் ஒன்று தோன்றியது. அப்போது அத்தீவில் உருவாகிக்கொண்டிருந்த சிசிலியப் பேச்சு அந்த நான்கிலும் இல்லை. எழுதத் தகுந்தது என்று அதனை எவரும் எண்ணவில்லை.

எண்ணும் காலமும் வந்தது. நார்மானியரின் பேரனும் ஜெர்மானியச் சக்கரவர்த்தியுமான இரண்டாம் பிரடெரிக் (1194–1250) அவையில், அரசு அலுவலர்களே கவிஞராக விளங்கினர். அவர்களுள் தலைமை பெற்றவர் லெந்தீனி ஊரைச் சேர்ந்த ஜாக்கமோ. ஆவணம் எழுதும் நொத்தாரிசு அவர். பதினான்கு அடிகளைக் கொண்ட "சானட்" என்னும் யாப்பை முதலில் படைத்தவர் அவரே என்பர். பெத்ரார்க்காவும் ஷேக்ஸ்பியரும் கையாண்ட அந்த வடிவம், ஒரு சிசிலிய நொத்தாரிசின் மேசையில் பிறந்தது. இத்தாலியர் பாடும் கவிதை எல்லாம் "சிசிலியம்" என்றே பெயர் பெற்றது எனத் தாந்தே தம் லத்தீன் நூல் ஒன்றில் எழுதியிருக்கிறார். ஆனால் அதே நூலில், சிசிலியின் பொதுமக்கள் பேச்சு மேன்மையானது அன்று என்றும் ஒதுக்கிவிடுகிறார். பெரியோர் வாயில் மொழி, எளியோர் வாயில் கொச்சை என்னும் வழக்கு அன்றே தொடங்கிவிட்டது.

இனி நான் முன்பு கூறிய கதை. பிரடெரிக்கின் குலம் வீழ்ந்தது, அவையும் கலைந்தது. கவிதைகளைப் படியெடுத்துக் காத்தவர்கள் டஸ்கனி எழுத்தர்கள். அவர்கள் எழுதும்போதே சிசிலியச் சொற்களைத் தம் ஊர் வழக்கிற்கு மாற்றி எழுதினர். தீய எண்ணம் ஒன்றும் இல்லை. பிழை திருத்துவதாகவே எண்ணியிருப்பர். அதனால் அடியிறுதி இயைபுகள் உடைந்தன. "அவிரி" (பெற்றிருத்தல்), "சிர்விரி" (பணிசெய்தல்) என்னும் இரண்டும் சிசிலியத்தில் நன்றாக இயையும். டஸ்கனியில் அவை "அவேரே", "செர்விரே" ஆகி இயைபு கெட்டன. பின்வந்த டஸ்கனிக் கவிஞர்கள் இதனைக் கண்டு, எகரத்தையும் இகரத்தையும் இயைப்பது மூத்தோர் அனுமதித்த சலுகை போலும் என்று எண்ணித் தாமும் கையாண்டனர். இத்தாலிய யாப்பு நூல்களில் அதற்கு "சிசிலிய இயைபு" என்றே பெயர். வீட்டை இடித்துவிட்டு, வாசற்படியை மட்டும் நினைவாக வைத்துக்கொண்டது போல் இருக்கிறது இது. மூலச் சிசிலிய வடிவில் முழுதாக எஞ்சிய பாடல்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. மெசினா நகரத்து ஸ்தேபானோ புரோத்தோனோத்தாரோ பாடிய ஒன்று கிடைத்திருக்கிறது. அதுவும் 16ஆம் நூற்றாண்டில் பார்பியேரி என்னும் அறிஞர் ஒரு பழஞ்சுவடியிலிருந்து பெயர்த்தெழுதியதால் பிழைத்தது. அச்சுவடி பின்னர்க் காணாமற்போயிற்று.

1282இல் பலெர்மோ மக்கள் பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். ஐயத்திற்கு இடமானவனைப் பிடித்து, கொண்டைக்கடலையைக் காட்டி அதன் பெயரைச் சொல்லச் சொன்னார்களாம். "சிச்சிரி" என்பது சிசிலியச் சொல். இரண்டு சகரங்களையும் "பச்சை" என்பதில் போல வல்லோசையாகக் கூற வேண்டும். பிரெஞ்சுக்காரன் நாவில் அது வராது. வராதவன் தலை போயிற்று. இது கர்ணபரம்பரைக் கதை. நடந்ததா என்பதை யார் அறிவார்? ஆயினும் பனெல்லே விற்கும் கடைக்காரர் இதனை நேற்று நடந்தது போலவே கூறுகிறார்.

14, 15ஆம் நூற்றாண்டுகளில் அரசாங்க ஆவணங்களும் சமய நூல்களும் சிசிலியத்தில் எழுதப்பட்டன. 16ஆம் நூற்றாண்டில் அந்த இடம் டஸ்கனி மொழிக்குப் போயிற்று. ஆண்டவர்கள் ஸ்பானியர், ஆயினும் கற்றோர் தாமாகவே டஸ்கனியை நாடினர். ஒருவரும் சட்டம் போட்டு விரட்டவில்லை என்பதை இங்குக் கருத வேண்டும். கவிதையில் மட்டும் சிசிலியம் நீடித்தது. அல்ஜியர்ஸ் சிறையில் செர்வாந்தேசுடன் அடைபட்டிருந்த அந்தோனியோ வெனெத்சியானோ 16ஆம் நூற்றாண்டிலும், மருத்துவரான ஜொவான்னி மேலி (1740–1815) பின்னரும் சிசிலியத்தில் பாடிப் புகழ் பெற்றனர். மற்றொரு மருத்துவர் ஜுசெப்பே பித்ரே (1841–1916), பலெர்மோவின் ஏழை மக்களிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டே கதைகளைக் கேட்டு எழுதினார். அவர் 1875இல் நான்கு தொகுதிகளாக வெளியிட்ட நாட்டுக்கதைகள், சொன்னவர்களின் பேச்சு மொழியிலேயே உள்ளன.

தெற்குக் கரையில் அக்ரிஜெந்தோ நகரம் இருக்கிறது. கிரேக்கக் கோயில்கள் வரிசையாக நிற்கும் இவ்வூரின் பழைய பெயர் கிர்ஜெந்தி. 1934இல் நோபல் பரிசு பெற்ற நாடக ஆசிரியர் லூயிஜி பிராந்தெல்லோ இவ்வூரினர். அவர் 1891இல் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றது எதற்காகத் தெரியுமா? கிர்ஜெந்திப் பேச்சு மொழியின் ஒலிகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக. தாம் பிறந்த தெருவின் பேச்சை ஆராய அவர் ரைன் நதிக்கரை வரை செல்ல வேண்டியிருந்தது.

அவர் பட்டம் பெற்றதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே சிசிலியின் நிலை மாறிவிட்டது. 1860 மே மாதம் கரிபால்டி தம் ஆயிரம் தொண்டர்களுடன் மர்சாலாவில் இறங்கினார். 1861இல் ஒன்றுபட்ட இத்தாலி பிறந்தது. அன்று இத்தாலி முழுவதிலும் இத்தாலிய மொழியைக் கையாள வல்லவர் நூற்றுக்கு இரண்டரைப் பேரே என்று துல்லியோ தெ மௌரோ என்னும் அறிஞர் கணக்கிட்டார். நூற்றுக்குப் பத்து வரை இருக்கலாம் என்பார் பிறர். எப்படியாயினும் நாட்டு மொழியை அறியாத நாட்டு மக்கள்! பள்ளிகள் அதனைப் பரப்பின. சிசிலியச் சிறுவன் வகுப்பறைக்குள் நுழைந்தவுடன், தான் வீட்டில் பேசுவது மொழியே அன்று, பிழை என்று அறிந்துகொண்டான். 1948இல் லூகினோ விஸ்கோந்தி என்னும் இயக்குநர், அச்சித்ரெத்சா என்னும் மீனவ ஊரில், அவ்வூர் மக்களையே நடிகராகக் கொண்டு, அவர்கள் மொழியிலேயே ஒரு திரைப்படம் எடுத்தார். வட இத்தாலியருக்கு அது விளங்கவே இல்லை. 1954இல் தொலைக்காட்சி வந்தது. பள்ளி செய்யாததை அது செய்துவிட்டது.

இலக்கணத்தில் மேலும் ஒரு விந்தை. சிசிலியத்தில் எதிர்கால வினைக்குத் தனி வடிவம் வழக்கில் இல்லை. "நாளை வருகிறேன்" என்றே கூறுவர். எதிர்காலத்தில் நம்பிக்கையற்ற மக்கள் என்று இதனைக் கொண்டு தத்துவம் பேசியவர்கள் உண்டு. "போய் வருகிறேன்" என்று நிகழ்காலத்தில் விடைபெறும் நாம் அதனை அவ்வளவு எளிதில் நம்ப மாட்டோம்! வினையைக் கடைசியில் வைத்து வலியுறுத்துவதும் அவர்கள் வழக்கம். "சிசிலியானு சுஞ்ஞு" என்றால் "சிசிலியன் ஆவேன்" என்று சொல்லுக்குச் சொல் பொருந்தும். அந்திரேயா கமில்லெரி (1925–2019) எழுதிய துப்பறியும் கதைகளின் நாயகன் மொந்தல்பானோ, தன் பெயரை இத்தாலியச் சொற்களால், ஆனால் இந்தச் சிசிலிய வரிசையிலேயே கூறுவான். அக்கதைகள் 1994 முதல் வெளிவந்தன. சிசிலியம் கலந்த அந்த நடையை இத்தாலி முழுவதும் விரும்பிப் படித்தது.

பலெர்மோவிற்குத் தெற்கே மலைமீது பியானா தெலி அல்பனேசி என்னும் ஊர் இருக்கிறது. துருக்கியருக்கு அஞ்சி வந்த அல்பேனியர் 1488இல் அமைத்தது. இன்றும் அங்கே அல்பேனியம் பேசுகிறார்கள். தெருப் பலகைகள் இரு மொழியிலும் உள்ளன. 1999இல் இத்தாலிய அரசு 482ஆம் எண் சட்டத்தை இயற்றிப் பன்னிரண்டு சிறுபான்மை மொழிகளுக்குப் பாதுகாப்பு அளித்தது. அல்பேனியம் அவற்றுள் ஒன்று. சார்தீனியமும் பிரியூலியமும் உண்டு. சிசிலியம் இல்லை. ஆகவே அவ்வூர் எல்லைக்குள் இருப்பது சட்டம் அறிந்த மொழி. எல்லையைத் தாண்டினால், தீவு முழுவதும் வழங்குவது சட்டம் அறியாத பேச்சு. வேடிக்கையை இன்னும் தொடரலாம். சிசிலியில் வழங்கிய அரபு, முஸ்லிம்கள் பிரடெரிக்கால் பெருநிலத்துக்கு நாடு கடத்தப்பட்டதாலும், யூதர்கள் 1492இன் ஆணையால் வெளியேற்றப்பட்டதாலும் தீவில் மறைந்தது. ஆனால் தெற்கே கடல் கடந்து மால்டாவில் அது வாழ்ந்தது. சிசிலியச் சொற்களை ஏராளமாக ஏற்று, லத்தீன் எழுத்தில் எழுதப்பட்டு, இன்று தனி நாடொன்றின் ஆட்சி மொழி அது. 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் மொழிகளுள்ளும் ஒன்று. பிழைத்த கிளைக்குக் கொடி உண்டு. தாய்த்தீவின் மொழிக்கு இல்லை.

சிசிலியின் வட்டார சட்டமன்றம் பலெர்மோவின் நார்மானிய அரண்மனையிலேயே கூடுகிறது. 2011இல் அது ஒரு சட்டம் இயற்றிற்று. தீவின் வரலாறு, இலக்கியம், மொழி ஆகியவற்றைப் பள்ளிகளில் கற்பிக்க வகை செய்தது அச்சட்டம். ஆனால் எந்த எழுத்து முறையில் கற்பிப்பது? பலெர்மோவார் ஒருவாறு ஒலிப்பர். கத்தானியாவார் வேறொருவாறு ஒலிப்பர். எல்லோரும் ஏற்ற எழுத்துமுறை இன்னும் நிலைபெறவில்லை. ஆட்சியில் இல்லாத மொழிக்கு இலக்கணம் வகுக்க விரைபவர் குறைவு.

இந்த இதழைப் படிக்கும் குடும்பங்களுக்குச் சிசிலியர் கதையில் நெருக்கமாகத் தோன்றக்கூடிய பகுதி ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து முதல் உலகப் போர் வரை, பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட சிசிலியர் வறுமையால் கடல் கடந்தனர். நியூயார்க், நியூ ஆர்லியன்ஸ், போனஸ் அயர்ஸ், தூனிஸ் ஆகிய நகரங்களில் அவர்கள் தெருத் தெருவாகக் குடியேறினர். அங்கே அவர்கள் மொழி புதுச் சொற்களை ஈன்றது. வேலை "ஜோப்பா" ஆயிற்று. வியாபாரம் "பிசினிஸ்ஸி" ஆயிற்று. வீட்டின் பின்புறத்தில் இருந்த கழிப்பிடத்தை அமெரிக்கர் "பேக் ஹவுஸ்" என்றனர். சிசிலியர் அதனைப் "பக்கௌசு" என்றனர். திரும்பி வந்தோர் அச்சொல்லைத் தாய்த்தீவிற்கே கொணர்ந்து, அமெரிக்காவைக் கண்ணாலும் காணாத பாட்டிகளும் அதனை வழங்கலாயினர். பேரப்பிள்ளைகள் அமெரிக்கப் பள்ளியில் ஆசையோடு இத்தாலியம் கற்றபோது, தம் பாட்டி பேசியது அதுவன்று என்று கண்டு திகைத்தனர். சிலர் வெட்கினர். சிலர் அந்த வெட்கத்தை உதறிவிட்டு, 1979இல் நியூயார்க்கில் "அர்பா சிக்குலா" என்னும் சங்கத்தை நிறுவினர். சிசிலிய விடியல் என்பது அப்பெயரின் பொருள். சிசிலியமும் ஆங்கிலமும் பக்கத்துக்குப் பக்கம் வரும் இதழ் ஒன்றையும் அச்சங்கம் நடத்தி வருகிறது.

தீவிலேயே நிலை என்ன? மொழி அழிந்துவிட்டது என்று கூறுவது மிகை. சந்தையிலும், மீன்பிடி படகிலும், பொம்மலாட்ட அரங்கிலும் அது முழக்கத்தோடு ஒலிக்கிறது. இளைஞர் கேலிக்கும் சினத்திற்கும் அதனையே நாடுகின்றனர். ஆனால் பல வீடுகளில் ஒன்றைக் கண்டேன். கணவனும் மனைவியும் தமக்குள் பேசுவது சிசிலியம். குழந்தையின் பக்கம் முகத்தைத் திருப்பியவுடன் இத்தாலியம். குழந்தை இரண்டையும் கேட்கிறது. விடையளிப்பது ஒன்றில் மட்டும். மொழியை இழந்த மக்கள் வறியராவர் என்று பகெரியா ஊர்க் கவிஞர் இஞ்ஞாத்சியோ புத்தித்தா (1899–1997) சிசிலியத்திலேயே பாடினார். அக்கவிதை அங்குப் பலருக்கு மனப்பாடம். அதனைச் சொல்லிக் காட்டிய பெரியவர் ஒருவர், சொல்லி முடித்ததும் தம் பேரனைச் சாப்பிட அழைத்தது இத்தாலியத்தில்தான்.

பழைய சிசிலிய வீடுகளில் கட்டிலுக்கு மேலே, சுவருக்குச் சுவர் கயிறு கட்டி, நடுவில் துணியைத் தொங்கவிட்டுக் குழந்தையை உறங்கவைப்பார்கள். நம் வீட்டுத் தூளியேதான். அதற்குப் பெயர் "நாக்கா". ஆட்டின் தோலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ரோமானியருக்கும் அரபியருக்கும் முன்னே அத்தீவிற்கு வந்த மொழியின் சொல் அது. தூளி இப்போது வீடுகளில் இல்லை, காட்சிச்சாலைகளில்தான் இருக்கிறது. ஆனால் அதிலிருந்து பிறந்த "அன்னக்காரி" என்னும் வினை இருக்கிறது. குழந்தையை மடியிலோ தோளிலோ இட்டு ஆட்டி உறங்கவைப்பதற்கு வேறு சொல் அவர்களிடம் இல்லை. இத்தாலியத்தில் மட்டுமே பிள்ளைகளோடு பேசும் இளந்தாய்மாரும், இரவில் குழந்தை உறங்க மறுக்கும்போது அந்தச் சொல்லைத்தான் கூறுகிறார்கள்.